மூடிய குழியும் தீராத பாக்கியும்

கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகளைப் பரிசீலிப்போர் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. மூடிய கணக்கெல்லாம் தீர்ந்த கணக்கு ஆகிவிடாது. பேரேட்டில் கோடு கிழித்த பின்னரும் பாக்கி எங்கேனும் நின்றுகொண்டிருக்கும். மண் போட்டு மூடிய பழைய குப்பைக்குழிகளின் கதையும் இதுவே.

அமெரிக்க நாட்டின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் 'லவ் கெனால்' என்றோர் இடம் உண்டு. கால்வாய் வெட்டத் தொடங்கி இடையிலே கைவிட்ட பள்ளம் அது. 1942 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஓர் இரசாயனக் கம்பெனி சுமார் 21,000 டன் கழிவுகளை அதிலே புதைத்தது. 1953-இல் அந்நிலம் ஒரே ஒரு டாலர் விலைக்கு நகரக் கல்விக் குழுவின் கைக்கு மாறிற்று. உள்ளே இரசாயனங்கள் உள்ளன என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. நாளடைவில் நச்சுநீர் வீட்டு நிலவறைகளிலே கசிந்தது. 1978-இல் அவ்விடத்திற்கு அவசர நிலை அறிவிக்கப்பட்டு, இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடு துறந்து வெளியேற நேர்ந்தது.

புதைந்தது எதுவரை பரவியுள்ளது என்று காண்பது எவ்வாறு? கண்ட இடத்தில் கடப்பாரை போடலாகாது. பீப்பாய்கள் உடையலாம், அடைபட்ட வாயு தீப்பற்றலாம், மேல்மூடி கிழிந்து மழைநீர் இறங்கினால் அழுக்கு நிலத்தடி நீரைச் சென்றடையும். ஆகவே, தோண்டாமலே அறியும் பூபௌதிக ஆய்வு வேண்டப்படுகிறது. 1980-இல் லவ் கெனாலில் சோதனைக் கிணறுகளுக்கு இடம் குறிக்கவும் இத்தகைய கருவிகளே துணை நின்றன.

அவற்றுள் ஒன்று நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க வருவோர் நான்கு முளைகளை ஒரே கோட்டில் அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தம் அளப்பார்கள். முளைகளை அகல வைக்க வைக்க ஆழத்துச் செய்தி கிட்டும். நான்கையும் சம தூரத்தில் நிறுத்தும் ஒழுங்கை 1915-இல் வகுத்தவர் பிராங்க் வென்னர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. குப்பையில் ஊறிய நீரில் உப்புக்கள் மிகுதி. அதில் மின்சாரம் எளிதாய் ஓடும். தடை குறைந்த இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டே போனால் அழுக்குநீர் சென்ற திசை புலனாகும். காந்தமானி என்னும் கருவியோ புதைந்த இரும்புப் பீப்பாய்களைக் காட்டும். பிளாஸ்டிக் பீப்பாய்கள் அதற்குத் தெரியா.

ஒன்றை மறத்தல் கூடாது. களிமண்ணுக்கும் உவர்நீருக்கும்கூட மின்தடை குறைவுதான். எங்கே துளையிட வேண்டும் என்பதைக் கருவி சொல்லும்; அங்கே கிடப்பது நஞ்சா அன்றா என்பதை, எடுத்த நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பியே அறிதல் வேண்டும்.

வயலுக்கும் சாயத்தொட்டிக்கும் நீரே உயிர். ஆதலால் சங்கத்திற்கு மலிவாக நிலம் வருமாயின், பொதுக்குழுவில் எழுந்து, "முன்பு இங்கே கொட்டியது என்ன?" என்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களை விசாரியுங்கள். பத்திரங்களை முழுவதும் படியுங்கள். ஐயம் இருப்பின் ஆய்வு அறிக்கை வந்த பின்னரே தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒரு டாலருக்கு வாங்கிய நிலத்திற்கு அந்நகரத்தார் பின்னர்க் கொடுத்த விலையை நாம் கொடுக்க வேண்டாம்.