கை மாறிய கார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கார் யானை இனம் அன்று. விற்பனை நிலையத்தை விட்டு வெளியே வந்த நாள் முதலே அதன் விலை இறங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தால்தான் நம்மைப் போன்ற குடும்பத்தாரும் கார் வாங்க நினைக்க முடிகிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. வண்டியின் விலை இறங்கியது போல அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. எட்டு லட்ச ரூபாய்க் காரை மூன்று லட்சத்துக்கு வாங்கினாலும் அதற்குப் போட வேண்டிய கிளட்ச் எட்டு லட்ச ரூபாய்க் காரின் கிளட்ச்தான்.

நம் கல்லூரி நண்பர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. கார் சிறியதாக இருக்க வேண்டும். மிதித்தவுடன் சீறிப் பாய வேண்டும். வளைவுகளில் ஒட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதே கார் நாள்தோறும் வேலைக்கும் போய் வர வேண்டும். வழியில் நின்றுவிடக் கூடாது. இத்தனையும் பழைய வண்டியில் கிடைக்குமா? கிடைக்கும் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அது பெரும்பாலோர் தேடும் இடத்தில் இல்லை.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு எழுந்தது. என் அண்ணன் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து கோவையில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய் வருகிறார். போக வர எண்பது கிலோமீட்டர். இரவு ஷிப்டு முடிந்து அவர் மோட்டார் சைக்கிளில் வருவதை அம்மா பொறுக்கவில்லை. அண்ணனின் சேமிப்பும் சீட்டுப் பணமும் சேர்த்து நாலரை லட்சம் தேறியது. அது வீணானால் மறுபடி சேர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். என் மேற்படிப்பும் அந்தப் பணத்துக்குள் அடக்கம். என் தந்தையார் லாரி ஓட்டுநர். வண்டிகளைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி அவரிடம் கற்றது. மறுபாதிக்கு நம் இயற்பியல் துறை பொறுப்பு.

முதலில் விரைவு என்பது எதில் இருக்கிறது என்று பார்ப்போம். முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது என்று நியூட்டன் சொல்லிவிட்டார். ஆகவே என்ஜினின் குதிரைத் திறனை மட்டும் பார்த்து மயங்குவதில் பொருளில்லை. அது எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 83 குதிரைத் திறன் கொண்டது. வண்டியின் எடை சுமார் 870 கிலோ. 2013இல் வந்த வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வண்டிக்கு 105 குதிரைத் திறன். எடை ஏறத்தாழ 1,100 கிலோ. வகுத்துப் பாருங்கள். இரண்டுக்குமே டன் ஒன்றுக்குச் சுமார் 95 குதிரைத் திறன்தான் வருகிறது! ஆனால் இரண்டும் ஒன்றுபோல ஓடும் என்று சொல்லிவிட முடியாது. போலோவின் டர்போ என்ஜின் தாழ்ந்த சுற்றுகளிலேயே 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, ஸ்விஃப்ட்டுக்கு 113தான். எனவே நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது போலோ ஓட்டுபவருக்கு ஒரு சுகம் இருப்பது உண்மை. ஆனால் வளைவில் திரும்பவும் பிரேக் பிடிக்கவும் இலேசான வண்டிக்கு இயற்கையே துணை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதை எளிதாக உணரலாம்.

அந்தச் சுகத்தைப் பழைய வண்டியில் வாங்கும்போது அதனோடு வேறு எதையெல்லாம் வாங்குகிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் தண்டு என்ஜின் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. முதல் உடைமையாளர் ஆயில் மாற்றுவதை நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் அதன் விளைவை அனுபவிப்பவர் இரண்டாம் உடைமையாளரே. அந்த முதல் ஜி.டி. போலோவில் கியர் பெட்டி இரட்டைக் கிளட்ச் தானியங்கி வகை. ஆயிலில் நனையாத உலர்ந்த கிளட்ச். ஓடும் சாலையில் அது அற்புதம். உக்கடத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறும். அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி பழுதானால் செலவு மிகப் பெரியது. 2020இல் வந்த 1.0 லிட்டர் டர்போ போலோவை ஆறு கியர் கைமுறைப் பெட்டியோடு வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அது எங்கள் கைக்கு எட்டாத விலை. போலோவும் 2022இல் இந்தியாவில் நின்றுவிட்டது.

அரிய வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆசை அங்கேதான் அதிகம் இழுக்கும். 145 குதிரைத் திறன் கொண்ட அபார்த் புன்டோ 2015இல் வந்தது; பிறகு ஃபியட் நிறுவனமே இந்தியக் கார் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. டாடா டியாகோ ஜே.டி.பி. என்பது நம் கோவை ஜெயம் ஆட்டோமோடிவ்ஸ் டாடாவுடன் சேர்ந்து உருவாக்கிய வண்டி. 114 குதிரைத் திறன். 2018இல் வந்து 2020இல் நின்றுபோயிற்று. கரி மோட்டார் பந்தயத் தளம் இருக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு அதில் பெருமை உண்டு. எனினும் அதற்கென்றே செய்த பம்பரோ ஸ்பிரிங்கோ உடைந்துவிட்டால் எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு இரண்டாவது காராக வைத்திருப்பவருக்கு அது சரி. திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவருக்குச் சரியன்று.

எனவே தெருவுக்குத் தெரு ஓடும் வண்டியையே தேடுங்கள் என்பது என் கருத்து. ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் என்ஜினுக்கு டைமிங் செயின் இருப்பதால், ரப்பர் பெல்ட் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதன் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் ஃபியட்டிடமிருந்து வந்தது. அதே என்ஜின் டாடா வண்டிகளிலும் ஓடிற்று. ஆகவே அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் நம் பக்கத்தில் இல்லை எனலாம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. மற்றொன்று, 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபிகோவின் 1.5 லிட்டர் டீசல். 100 குதிரைத் திறன், 215 நியூட்டன் மீட்டர். அந்த விலைக்கு அப்படி இழுக்கும் வண்டி வேறில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையும் 2022இல் ஓய்ந்தது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று அந்நிறுவனம் கூறினாலும் மக்கள் அஞ்சியதால் விலை இறங்கியது. அருகில் நம்பிக்கையான ஃபோர்டு மெக்கானிக் இருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பே.

இலேசுக்கு ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் இரண்டு நட்சத்திரமே பெற்றது. இரண்டு காற்றுப்பை உள்ள போலோ 2014இல் நான்கு பெற்றது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது. காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. 2018க்கு முந்திய ஸ்விஃப்ட்களில் கீழ் ரகங்களுக்கு இவை இரா. பிப்ரவரி 2018க்குப் பிந்திய தலைமுறையில் எல்லா ரகத்திலும் உண்டு.

வண்டியைப் பார்க்கப் போகும் விதம் இனி. "வண்டியைப் பாக்கறதுக்கு முந்தி ஓட்டினவனைப் பாரு கண்ணு" என்பார் என் தந்தையார். விரைவு வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அகன்ற டயர், தாழ்த்திய ஸ்பிரிங், உறுமும் சைலன்சர், கணினியில் திருத்தி ஏற்றிய குதிரைத் திறன் ஆகியவற்றை விற்பவர் பெருமையாகச் சொல்வார். நாம் குறைகளாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளட்சும் கியர் பெட்டியும் தாங்குவதற்கென்று கணக்கிட்ட விசையைவிட அதிகமான விசையை அவை தாங்கி வந்திருக்கின்றன என்பதற்கு அவை அடையாளம். அன்றியும் தயாரிப்பாளர் அளித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். நாங்கள் பார்த்த டர்போ வண்டி ஒன்றில் இந்த நான்கு அலங்காரமும் இருந்தன. அண்ணனுக்கு அதைவிட்டு வர மனமே இல்லை. தந்தையார் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்; சூடாக இருந்தது. நாங்கள் வருமுன்பே என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். வந்துவிட்டோம்.

குளிர்ந்த என்ஜினைத்தான் உயிர்ப்பித்துப் பார்க்க வேண்டும். முதல் சில விநாடிகளில் செயின் சத்தமிட்டாலும், நீலப் புகை வந்தாலும் அப்போதுதான் தெரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை சூடேறிய பின்னும் நிற்காவிட்டால் கூலண்ட் உள்ளே கசிகிறது. பிறகு ஓட்டிப் பாருங்கள். நான்காம் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜினின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று ஒலித்தால் சஸ்பென்ஷன் புஷ்களுக்குச் செலவு உண்டு. அது பெரிய குற்றமன்று, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

மீட்டரைத் திருப்புவது இன்று எளிது. ஆனால் டயரைத் திருப்புவோர் குறைவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 28,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2021இல் செய்தவை என்றால், முதல் டயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேட்கலாமல்லவா? அதுபோலவே கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு ஆண்டினதாக இருந்தால் அந்தப் பக்கம் அடி பட்டிருக்கலாம். பானெட்டின் போல்ட் தலைகளில் சாயம் பெயர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளம் கண்ட வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின என்பது நினைவிருக்கட்டும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் ஏமாறுவோர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான 35ஆம் எண் படிவம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். வேறு மாநில வண்டியானால் 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்றும், அதற்கு மேல் நம் மாநில வரியும். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பிறகு அங்கிருந்து மலிவான வண்டிகள் பல வெளியேறின. அவற்றின் மலிவு வரி கட்டும்போது கரைந்துவிடும். காப்பீட்டை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரும் கவனமாக இருப்பது நல்லது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்று மூன்று ஆண்டான வண்டிக்காக நீதிமன்றம் ஏறுவது யாருக்கு வேண்டும்?

முடிவில் நாங்கள் வாங்கியது 2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல், கைமுறை கியர், 52,000 கிலோமீட்டர். பள்ளி ஆசிரியை ஒருவரின் வண்டி. எல்லா சர்வீஸ் ரசீதுகளும் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன. தந்தையார் டீசல்தான் வேண்டும் என்றார். எங்கள் விலையில் கண்ட டீசல்கள் எல்லாம் லட்சத்தைத் தாண்டி ஓடியவை. அண்ணன் வாரத்தில் ஆறு நாள் அதில் போய் வருகிறார். வேகமாகவும் போகிறார் என்று அம்மா சொல்கிறார்.

வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. பழைய உடைமையாளர் என்ன சொன்னாலும் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலண்ட், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, மாற்றிய நாளையும் மீட்டர் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டி வையுங்கள். பிரேக் ஆயிலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் கலக்கக் கலக்க அதன் கொதிநிலை இறங்கும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழிகள் தோன்றி, மிதித்த மிதி வெறுமனே உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். செலவு சில நூறு ரூபாய்கள்தான்.