ஜீப்புக்கு முதலில் பிரேக்கு, பிறகுதான் பெயிண்டு



பொட்டிபுரம், ராசிங்காபுரம், தேவாரம், போடி வட்டாரத்தில் ஏலத்தோட்டத்தோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. சிலருக்கு மலை மேலே சொந்தத் தோட்டம் இருக்கும், சிலருக்குக் குத்தகை இருக்கும், மற்றவர்கள் கூலிக்குப் போய் வருவார்கள். ஆள் ஏற்றவும் உரம் கொண்டு போகவும் காய் மூட்டை இறக்கவும் இவர்களுக்கு ஜீப்புதான் கை கொடுக்கிறது. அதிலும் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த ஜீப்பு. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை அந்த வண்டியில் எதற்கு முதலில் செலவழிப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2019 ஆகஸ்டில் புத்தடி மின்னேலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் வண்டிக்குப் புதுப் பெயிண்டு, பளபளக்கும் வீல், பாட்டுப் பெட்டி, முன்னால் இரும்புக் கம்பி எல்லாம் ஏறும். 2022-ல் சராசரி விலை கிலோ 1000 ரூபாய்க்குக் கீழே வந்தது. அப்போது என்ன ஆகும்? "பிரேக்கு லைனிங் அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே, இப்ப ஓடுதுல்ல" என்று தள்ளிப் போடுவோம். பெயிண்டு அப்படியே இருக்கும், லைனிங் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கொம்பில் வர்ணம் பூசுகிறோம். வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் லாடம் தேய்ந்த மாட்டை, கொம்பு அழகாக இருக்கிறதே என்று பாரவண்டியில் பூட்டி மலைச் சரிவில் இறக்குவோமா?

நம்முடைய சாலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். போடிமெட்டு சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரத்து முந்தலுக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1000 மீட்டர் இறக்கம். ஆளும் மூட்டையுமாகச் சேர்த்து வண்டி இரண்டரை டன் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அத்தனை பாரம் அத்தனை உயரம் இறங்கும்போது உண்டாகும் சக்தி எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும். அது முழுவதும் சூடாக மாறினால் ஆறேழு குடம் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடலாம். நீங்கள் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால், அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரத்தின் டிரம்மும் லைனிங்கும் தாங்கியாக வேண்டும்.

சூடு அளவு மீறினால் இரண்டு விதமான கெடுதல் வரும். ஒன்று, லைனிங் வழுக்கத் தொடங்கும். பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. மற்றொன்று பிரேக் ஆயில் சம்பந்தப்பட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 என்ற புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக ஈரம் சேர்ந்தாலே 140 டிகிரியில் கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி கட்டும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆகவே பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போய்விடும். காலையில் வீட்டு வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக்கு, சாயங்காலம் பத்தாவது வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான். மழையும் மூடுபனியும் அதிகமான மலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஈரம் சீக்கிரமே சேரும்.

ஆகவே கையில் 20,000 ரூபாய் இருந்தாலும் சரி, 2,000 ரூபாய் இருந்தாலும் சரி, அது முதலில் பிரேக்குக்குப் போக வேண்டும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுவதும் வடித்து மாற்றுங்கள். ஆயில் விலை சில நூறு ரூபாய்தான். வாங்கி மூன்று வருஷமாகித் திறந்து கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றவே கூடாது. உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுப்போகும். டிரம்மைக் கழற்றச் சொல்லி, லைனிங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வீல் சிலிண்டரில் கசிவு உண்டா, ரப்பர் ஓஸில் வெடிப்பு உண்டா என்று கூட நின்று பாருங்கள். மெக்கானிக் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அவர் கீழே பட்டறையில் இருப்பார், வண்டியோடு இறங்கப் போவது நாம்தான்.

ஒரு காசும் செலவில்லாத பிரேக்கு ஒன்று இருக்கிறது, அது கியர். எந்தக் கியரில் மேலே ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், டிரம் சூடாகாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை நாம் பார்க்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது அநேகமாக நின்றே போகும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில்தான் என்ஜின் நிற்காமல் ஓட டீசல் செலவாகிறது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கெடுதல், பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்கும் உதவி ஓரிரண்டு மிதியிலேயே தீர்ந்துவிடும். மூணாறு - போடிமெட்டு சாலை அகலப்படுத்தப்பட்டு 2024-ல் திறக்கப்பட்ட பிறகு மேலே வேகம் பழகிப் போகிறது. அதே வேகத்தில் மெட்டைத் தாண்டி இறக்கத்தில் கால் வைக்கக் கூடாது.

அடுத்தது டயர். பள்ளத்துக்குள் சின்னத் திட்டுகள் வார்த்திருப்பார்கள், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல் ரப்பர் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் கடைசியாக இருக்கும் நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் பக்கவாட்டில் வெடிக்கும். நான்கும் வாங்கப் பணமில்லை என்றால் ஜோடியாக இரண்டு வாங்குங்கள். ரீட்ரெட் டயரை முன்சக்கரத்தில் மாட்டாதீர்கள், ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும்போது தோல் உரிந்தால் சமாளிப்பது கஷ்டம். ஸ்டீரிங் ஆட்டம், பால் ஜாயின்ட், டை ராட் இவற்றையும் டயரோடு சேர்த்தே பார்த்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் வேறு தொந்தரவு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், போடிமெட்டு உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் கட்டி அதைத் தடுக்கும். அந்த மூடியின் ரப்பர் போன வண்டிதான் பாதி வழியில் புகைவிட்டு நிற்கும். மூடியும் சில நூறு ரூபாய் சாமான்தான். அதை விட்டுவிட்டு, உப்புத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே காரை பிடித்து ஹெட்டே போய்விடும். கூலன்ட் ஊற்றுவதுதான் சரி.

மழைக்கால மூடுபனிக்கு வைப்பர் ரப்பரும், எரிகிற பின்விளக்கும் வேண்டும். கண்ணைக் கூசும் எக்ஸ்ட்ரா விளக்கு வேண்டாம். பனியில் அந்த வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியும் அப்படித்தான். அதைப் பொருத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் அடியை நேராகச் சேஸிஸுக்குக் கடத்தும் என்பதும், குறுக்கே வரும் ஆளை மோசமாகக் காயப்படுத்தும் என்பதும்தான் காரணம். காசு கொடுத்து வாங்கி, அபராதமும் கட்டுவானேன்?

இன்சூரன்ஸையும் செலவுக் கணக்கில் பிரேக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தபின் கம்பெனி பணம் தர மறுக்க இடமுண்டு. பின்பெட்டியில் நெருக்கி உட்கார்ந்து வரும் பெண்களெல்லாம் நம் ஊர் அக்கா, மதினி, சித்திமார்கள். ஒருத்தருக்கு ஒன்று என்றால் அந்தக் கடன் தோட்டத்தை விற்றாலும் தீராது.

பெயிண்டு விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. உர மூட்டை ஏற்றும் வண்டியில் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும், சிந்திய பொட்டாஷும் மழையும் சேர்ந்து இரும்பைத் தின்னும். உரம் ஏற்றி இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவி, சேஸிஸிலும் பலகை தாங்கும் கட்டைகளிலும் துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடித்துவிடுங்கள். இது அலங்காரத்தில் சேராது. வெளியே கதவில் விழுந்த கீறலும் மங்கிப்போன பானட்டும் அடுத்த காயெடுப்பு வரை காத்திருக்கலாம்.