செவிலியர் வெள்ளைச் சீருடை

செவிலியர் வெள்ளைச் சீருடை என்பது மருத்துவமனைகளில் செவிலியர்கள் (இலங்கை வழக்கில் தாதியர்) பணி நேரத்தில் அணியும் வெண்ணிற உடையாகும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா உட்பட பல நாடுகளில் இதுவே செவிலியரின் அடையாளமாக விளங்கியது. அமெரிக்காவில் 1970களுக்குப் பின் இது படிப்படியாக மறைந்தது. இந்தியாவில் இன்றும் பல மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளது. இந்த உடையை அணிபவர்களிடையே இதைப் பற்றி ஒத்த கருத்து இல்லை.

தோற்றம்

நவீன செவிலியர் பணி வெள்ளை உடையுடன் தொடங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கிரிமியப் போரின்போது 1854இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குட்டாரிக்கு அழைத்துச் சென்ற செவிலியர்கள் சாம்பல் நிற முரட்டுத் துணியில் தைத்த உடை அணிந்திருந்தனர். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அக்காலச் செவிலியருக்கு அடர்நிறக் கவுனும், அதன் மேல் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் வழக்கமாக இருந்தன. ஏப்ரன் என்பது கழற்றித் துவைக்கக்கூடிய பகுதி. அழுக்குப் படுவதும் அதில்தான். ஆகவே அது மட்டும் வெள்ளையாக இருந்தது.

முழு வெள்ளைக்கு வழி வகுத்தது கிருமிக் கொள்கை. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்கள் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை 1867இல் வெளியிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மருத்துவமனையின் நிறமே மாறிவிட்டது. தாமஸ் ஈக்கின்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1875இல் வரைந்த படத்தில் அறுவை மருத்துவர்கள் கறுப்புக் கோட்டுடன் நிற்கின்றனர், செவிலியரே இல்லை. 1889இல் வரைந்த படத்தில் மருத்துவர்கள் வெள்ளையில் இருக்கின்றனர். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் அணிந்த செவிலியர் ஒருவர் நிற்கிறார்.

வெள்ளையைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. அதில் அழுக்கு மறையாது. சிறு கறையும் தெரியும். தெரிந்தால் மாற்றியாக வேண்டும். இன்று செவிலியர்கள் வெள்ளையைப் பற்றிக் கூறும் குறையும் இதே பண்பைப் பற்றியதுதான்.

உடுத்துவோர் கருத்து

வெள்ளையை விரும்புவோரில் மூத்த செவிலியர் பலர் உள்ளனர். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் மாணவியருக்குக் கோடு போட்ட அல்லது நிறமுள்ள உடையே வழங்கப்பட்டது. படிப்பை முடித்தவரே முழு வெள்ளை அணியலாம். தொப்பி சூட்டும் விழா என்றே ஒரு சடங்கு இருந்தது. இப்படி உழைத்துப் பெற்ற நிறத்தை அவர்கள் பட்டமளிப்பு அங்கியைப் போல மதிப்பது இயல்பே. நோயாளி தூரத்திலிருந்தே தம்மை அறிந்து கூப்பிட முடிகிறது என்பதும், குளோரின் வெளுப்பான் இட்டுக் கொதிநீரில் துவைத்தாலும் வெள்ளைப் பருத்தி நிறம் போகாது என்பதும் இவர்கள் கூறும் மற்ற காரணங்கள்.

எதிர்க்கருத்து பெரும்பாலும் துவைப்பதில் தொடங்குகிறது. வார்டில் ஒரு நாளில் உடையில் படுபவை ரத்தம், வாந்தி, பொவிடோன் அயோடின், புண்ணுக்கிடும் ஊதா மருந்து, பேனா மை. ரத்தக் கறையை நேரே வெந்நீரில் போட்டால் அதிலுள்ள புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகே சூடான நீரில் துவைக்க வேண்டும். நம் ஊரில் இதற்குமேல் சொட்டு நீலம், கஞ்சி, இஸ்திரி எல்லாம் உண்டு. மருத்துவமனையே துவைத்துத் தரும் இடங்களில் இது சிக்கலில்லை. தராத இடங்களில் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் பெண்ணின் நேரமும் பணமும் இதில் செலவாகின்றன. சுத்தத்தைக் காட்டுவதற்கான உடை, அந்தச் சுத்தத்தின் செலவை உடுத்துபவர் தலையில் வைக்கிறது என்பதே குறை.

அடுத்தது மாதவிடாய். பன்னிரண்டு மணி நேரப் பணியில் கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் கிடைக்காத நாட்கள் செவிலியருக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் வெள்ளைக் கால்சட்டையோ சேலையோ அணிவது ஓயாத கவலை. இது கூச்சத்தால் வெகுகாலம் வெளியே பேசப்படாமலிருந்தது. முழு வெள்ளை விதியைக் கண்டிப்புடன் காத்த விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே இதே காரணத்தால் 2023 முதல் பெண் வீரர்கள் உள்ளே அடர்நிறக் காற்சட்டை அணிய அனுமதித்துவிட்டது. ஓரிரு மணி நேரம் ஆடுபவருக்கே இந்தக் கவலை என்றால் இரவு முழுவதும் வார்டில் நிற்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலிவான வெள்ளைத் துணி உள்ளாடையைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் இத்துடன் சேர்ந்த குறை.

தமிழ்நாட்டில் வெள்ளைச் சேலைக்கு வேறொரு பொருளும் இருந்தது. அது கைம்பெண்ணின் உடை. இந்தியாவின் முதல் செவிலியர் பயிற்சி 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. ஆயினும் இத்தொழிலுக்கு மகளை அனுப்பக் குடும்பங்கள் நெடுங்காலம் தயங்கின. அந்தத் தயக்கத்துக்குச் சாதி, தீட்டு, இரவுப் பணி எனப் பல காரணங்கள் உண்டு. உடையின் நிறம் அவற்றைக் குறைக்க உதவியிராது. பிற்காலத்தில் பல இடங்களில் சேலைக்குப் பதில் சுடிதாரும் மேல்கோட்டும் வந்தன. ஓடிச் சென்று நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பணிக்குச் சேலையைவிட இது எளிது.

"வெள்ளுடை தேவதை" என்று பத்திரிகைகள் புகழ்வதையும் செவிலியர் எல்லோரும் விரும்புவதில்லை. தேவதை சம்பளம் கேட்காது என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய செவிலியர்கள் பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் போராடினர்.

வெள்ளையும் தூய்மையும்

வெள்ளைத் துணி கறையைக் காட்டும், கிருமியைக் காட்டாது. பளிச்சென்ற உடையிலும் பாக்டீரியா இருக்கலாம். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நிறத்தைப் பொருட்படுத்தவில்லை. முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்க வேண்டும், கைக்கடிகாரம் கூடாது என்றது. கையை முழுவதும் கழுவ முடிய வேண்டும் என்பதே நோக்கம். சீருடையை 60 பாகை செல்சியசில் பத்து நிமிடம் துவைத்தால் பெரும்பாலான கிருமிகள் நீங்கும் என்பதும் அத்துறையின் அறிவுரை.

அறுவை அரங்கில் வெள்ளை முன்னரே தோற்றுவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் 1914இல் பச்சைத் துணிக்கு மாறினார். வலுவான விளக்கொளியில் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது. மேலும் சிவப்பையே உற்றுப் பார்த்த கண் வெள்ளையைப் பார்த்தால் பச்சை நிழல் மிதக்கும். ஒரு சிவப்புத் தாளை அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் யாரும் இதைக் காணலாம்.

நோயாளிகளும் நிறமும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், வயது கூடிய நோயாளிகள் வெள்ளை அணிந்த செவிலியரையே தொழில் திறன் மிக்கவராகக் கருதினர். குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் பல வண்ண உடைகளையே குழந்தைகளும் பெற்றோரும் விரும்பினர்.

மாற்றாக வந்தவை

பிரிட்டன் முழு வெள்ளைக்கு என்றுமே பெரிதாக மாறவில்லை. நீலக் கவுனும் வெள்ளை ஏப்ரனுமே அங்கு பழக்கம். ஸ்காட்லாந்து 2010ஐ ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரே சீருடையைக் கொண்டுவந்தபோது, பதவிக்கேற்ப நீலத்தின் அடர்த்தியை மாற்றியது. அமெரிக்காவில் ஸ்க்ரப்ஸ் எனப்படும் தளர்வான சட்டையும் கால்சட்டையும் வந்தன. பூப்போட்டவை, பொம்மை அச்சிட்டவை என அவரவர் விருப்பம். துவைக்க எளிது, கறையும் தெரியாது. ஆனால் செவிலியர், உதவியாளர், ஆய்வக ஊழியர், துப்புரவாளர் எல்லோரும் ஒரே வகை உடையில் வந்ததால் யாரைக் கூப்பிடுவது என்று நோயாளிகள் குழம்பினர். பல மருத்துவமனைகள் பிரிவுக்கொரு நிறம் என வகுத்து, செவிலியருக்குப் பெரும்பாலும் கருநீலத்தை ஒதுக்கின. சொந்த உடையைத் தேர்ந்தெடுத்துப் பழகிய செவிலியரில் பலருக்கு இதுவும் பிடிக்கவில்லை. அதனால் உடையின் நிறத்தோடு நில்லாமல், "ஆர்.என்." என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையையும் அடையாள அட்டையின் கீழே தொங்கவிடும் பழக்கம் அங்கு ஏற்பட்டுள்ளது.