சுண்ணாம்புக்குக் காவல்

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் மண்டகப்பட்டுக் குடைவரை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் இது என்று 7ஆம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மனின் கல்வெட்டு சொல்கிறது. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அது இல்லாமல் கோயில் எழும்பிவிட்டது. நம் உடம்பு எழும்பாது. எலும்பும் பல்லும் இருக்கட்டும், விரல் மடங்கவும் இதயம் துடிக்கவும்கூட ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் அளவு பிசகாமல் இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்.

அந்த அளவைக் காப்பவை தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு, ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவு. இவற்றை முதலில் நம் நாட்டு விலங்கொன்றில்தான் பார்த்தார்கள். லண்டன் உயிரியல் பூங்காவில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் 1850இல் இதைத் தெரிவித்தார். மனித உடலில் இருப்பதை 1880இல் விவரித்தவர், சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம்.

சுரப்பியில் நிறைந்திருப்பவை முதன்மைச் செல்கள். உருவில் சிறியவை; வேலை முழுக்க இவற்றின் தலையில்தான். கால்சியத்தை அறியும் உணர்வி இவற்றின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அளவு கொஞ்சம் இறங்கினாலும் பாராதைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும். சிறுநீரோடு போகவிருப்பதைத் தடுக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைத் தூண்டி, உண்ட சோற்றிலிருந்தும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். அளவு ஏறியதும் சுரப்பு தணிந்துவிடும். கண்டறியும் இடமும் சரிசெய்யும் இடமும் ஒரே செல் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சுரப்பியில் இருக்கும் இன்னொரு வகையான ஆக்ஸிஃபில் செல்கள் பெரியவை. மைட்டோகாண்ட்ரியா அடைத்துக் கிடக்கும். பருவ வயதையொட்டித் தலைகாட்டி, வயது ஏற ஏறப் பெருகும். இவற்றின் வேலை என்ன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை; நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் இவை கூடுவது மட்டும் கவனிக்கப்பட்டிருக்கிறது. இடையிடையே கொழுப்புச் செல்களும் உண்டு.

தைராய்டு அறுவையில் இந்த அரிசிமணி ஒன்று தவறிக் கையோடு வந்துவிட்டால், அதைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசையிலோ முன்கைத் தசையிலோ பதித்துவிடுவார்கள். சில வாரங்களில் புது ரத்தக் குழாய்கள் எட்டிச் சேரும். முதன்மைச் செல்கள் அங்கிருந்தே கால்சியத்தை அளந்து சுரக்கத் தொடங்கும்.