அடுக்களையில் ஒரு சமநிலை: குடல்வாழ் நுண்ணுயிர்களும் நம் வீட்டு உணவும்

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. தலைப்பை நம்பி மூலிகைப் பட்டியலைத் தேடி உள்ளே நுழைவோர்க்கு வேர், தழை, சூரணம் ஒன்றின் பெயரும் அங்குக் கிட்டாது. உடலில் அமைந்தவை அளவில் கூடினாலும் நோய், குன்றினாலும் நோய் என்னும் கருத்தோடு தொடங்கி, உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியே வள்ளுவர் மிகுதியும் பேசுகின்றார். வாதம், பித்தம், சிலேத்துமம் ஆகிய மூன்றையும் கருதிச் சொல்லப்பெற்ற அக்கருத்து, இன்றைய நுண்ணுயிரியல் அறிஞர் காட்டும் வேறோர் உலகிற்கும் பொருந்தி வருகின்றது. அவ்வுலகம் நம் குடலுக்குள்ளேயே இருக்கின்றது.

நம்முள் வாழும் கூட்டம்

மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களும், அவற்றோடு ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன என்று 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கீடு ஒன்று கூறுகின்றது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்வன. எண்ணிக்கையில் இத்துணைப் பெரிய கூட்டம் எடையில் ஏறத்தாழ 200 கிராம்தான்.

பாக்டீரியா என்றாலே பகை என்று எண்ணுதல் பொருந்தாது. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்து, ப்யூட்டிரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு அதுவே உணவாகின்றது. மேலும், இவை இடத்தையும் இரையையும் தாமே பற்றிக்கொள்வதால், புதிதாய் வரும் நோய்க்கிருமிகள் எளிதில் குடியேற முடிவதில்லை.

நல்லவை, தீயவை என்னும் பிரிவும் நிலையானதன்று. எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியா நம் குடலில் தீங்கின்றி வாழ்கின்றது. அதுவே சிறுநீர்ப் பாதைக்குச் சென்றால் நோய் தருகின்றது. அதன் சில வகைகளோ கடும் வயிற்றுப்போக்கை விளைவிக்கின்றன. ஆகவே, கிருமிகள் அனைத்தையும் ஒழித்தல் நம் நோக்கமாக இருத்தல் இயலாது. ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் அளவில் இருக்கச் செய்தலே நோக்கமாதல் வேண்டும்.

மோர்ப் பானையின் பெருமை

தயிரை உடல்நலத்தோடு இணைத்து அறிவியல் நோக்கில் பேசியவர்களுள் முன்னோடி, உருசியப் பேரரசில் பிறந்து பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலி மெச்னிகாஃப் ஆவார். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்து கொண்டவர் அவர். பல்கேரிய உழவர் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று அவர் கருதினார். அவர் சொன்ன அளவுக்கு அது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், உண்ணும் நுண்ணுயிர் உடலுக்கு நலம் செய்யக்கூடும் என்னும் எண்ணத்தை அவரே உலகறியச் செய்தார்.

தயிரை உறையச் செய்யும் பாக்டீரியாக்களுள் ஒன்றான லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ், 2012-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்ற பல்லுயிர்ப் பெருக்க மாநாட்டின்போது இந்தியாவின் தேசிய நுண்ணுயிராக அறிவிக்கப்பெற்றது. நம் அடுக்களையில் ஒரு கரண்டி உறைமோராக நாள்தோறும் கைமாறும் உயிருக்கு நாடு அளித்த சிறப்பு அது.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மோர் விற்று அதனால் தன் சுற்றத்தை உண்பிக்கும் ஆயர்மகள் ஒருத்தி வருகின்றாள். சேத்துப்பட்டும் ஆரணியும் அத்தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தவையே.

பாலைக் காய்ச்சும்போது தீய கிருமிகள் மடிகின்றன. கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பின் உறை ஊற்றினால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்புளிப்பில் பிற கிருமிகள் பல பெருக மாட்டா. பாலைக் காய்ச்சாமல் உறையிட்டாலும், கொதிக்கும் சூட்டிலேயே உறை ஊற்றினாலும் இம்முறை கெடும்.

பழைய சோறும் சின்ன வெங்காயமும்

ஆரணி வட்டாரம் பட்டுக்கும் அரிசிக்கும் ஒருங்கே பெயர் பெற்றது. விடியலில் பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் விரிக்கும் நெசவாளர் குடும்பங்களில், தறியில் இறங்குமுன் பழைய சோறு உண்ணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்று அது வறுமையின் அடையாளமாய்க் கருதப்பெற்று, விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கப்படும் பொருளாயிற்று.

ஆறிய சோற்றில் நீர் ஊற்றி ஓரிரவு வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகி இளம்புளிப்பை ஊட்டுகின்றன. அதனோடு கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் ஃபிரக்டான் என்னும் ஒருவகை நார்ச்சர்க்கரை உண்டு. அதை நம் உடல் செரிப்பதில்லை. குடலின் நல்ல பாக்டீரியாக்களே உண்கின்றன. ஆக, சோறும் நீராகாரமும் நுண்ணுயிரைத் தருகின்றன. வெங்காயம் அவற்றிற்கு இரை தருகின்றது. நுண்நோக்கியைக் கண்டிராத நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தது வியத்தற்குரியது.

சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், குடல் அழற்சி நோயுற்றோர்க்குப் பழைய சோறு எவ்வாறு பயன்படும் என்பதை ஆராயும் பணிக்குத் தமிழ்நாடு அரசு நிதியளிப்பதாக 2021-ஆம் ஆண்டில் செய்திகள் வெளிவந்தன. தக்க ஆய்வின்வழி மெய்ப்பிக்கப்படும் வரை, பழைய சோற்றை நல்லுணவு என்று போற்றலாமேயன்றி, நோய் தீர்க்கும் மருந்தென்று பறைசாற்றுதல் முறையன்று. ஓரிரவில் அதன் இரும்புச்சத்து பன்மடங்கு பெருகுவதாகக் கூறுவதும் கவனத்துக்குரியது. நொதித்தலால் இரும்பு புதிதாய்ப் பிறப்பதில்லை; முன்பே இருப்பதை உடல் ஏற்பது எளிதாகலாம், அவ்வளவே.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பின்னும் பிழைத்திருக்கும். ஆகவே தூய நீரும் தூய பானையும் கொண்டு, சோறு ஆறியவுடன் காலந்தாழ்த்தாது நீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுதல் நலம். வாடை மாறியதையும், நூல்விட்டதையும் மனமிரங்காமல் கொட்டிவிட வேண்டும்.

பிற வீட்டுப் பொருள்கள்

ஆடி மாதத்தில் இவ்வட்டாரத் தெருக்களில் மணக்கும் கேழ்வரகுக் கூழ், மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவது. காய்ச்சுகையில் பாக்டீரியாக்கள் மடிகின்றன. உண்ணும்போது கலக்கும் மோரால் மீண்டும் வந்து சேர்கின்றன. இட்லியும் அவ்வாறே. மாவைப் பொங்க வைப்பது லூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா. ஆவியில் அது மடிந்துவிடும். ஆனால் அது செய்த வேலை மடிவதில்லை. இட்லி எளிதில் செரிக்கும் உணவாகிவிடுகின்றது.

வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, பயறு, பூண்டு, வெந்தயம் ஆகியவை குடலின் நுண்ணுயிர்க்கு இரையாகும் நார்ப்பொருள் கொண்டவை. வெந்தயமும் பூண்டும் பாசிப்பருப்பும் இட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும், பகலெல்லாம் ஓய்ந்திருந்த குடலுக்கு இதமான தொடக்கமாகும். மஞ்சளும் பூண்டும் ஆய்வுக்கூடத்தில் சில கிருமிகளைத் தடுக்கின்றன என்பது மெய்யே. அதை வைத்து, அவற்றை உண்டால் காய்ச்சல் தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டலாகாது.

குழந்தைக்கு முதல் நலநுண்ணுயிர் உணவு தாய்ப்பாலே. அதில் குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகள் உள்ளன. அவை பிஃபிடோ பாக்டீரியாக்களை வளர்ப்பதற்கென்றே அமைந்தவை போலுள்ளன. சீம்பாலைப் பீய்ச்சி எறிதல் பெருந்தவறு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைத்தலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை வித்து, அவ்வயதில் நரம்புகளைத் தளர்த்தும் கொடிய நோயைத் தரும்.

மாத்திரையும் சமநிலையும்

ஆன்டிபயாடிக் மருந்துகள் மனித குலத்திற்குக் கிடைத்த பெருங்கொடை. 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். அதன் வழிவந்த மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. சேத்துப்பட்டு இவ்வுண்மையை நன்கறியும். தொழுநோய்ப் பணியால் பெயர் பெற்ற தூய தோமையார் மருத்துவமனை இவ்வூரில் உள்ளது. தொழுநோயும் ஒரு பாக்டீரியாவால் வருவதே. பழைய சோறோ மோரோ அதைத் தீர்க்கவில்லை. முறையாக, முழுமையாக உட்கொண்ட கூட்டு மருந்துகளே தீர்த்தன.

இடர்ப்பாடு மருந்தில் இல்லை. அதை நாம் கையாளும் முறையில்தான் உள்ளது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர்க்குத் தறி நின்ற நாள் கூலியற்ற நாள். ஆதலால் சளியென்றும் வயிற்றுப்போக்கென்றும் கடையில் சொல்லி, இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்புவோர் உளர். சளியும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதியும் வைரசால் வருவன. ஆன்டிபயாடிக் அவற்றைத் தீண்டாது. அது நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கின்றது; எஞ்சியவை மருந்துக்கு அடங்காத வல்லமை பெற வழி வகுக்கின்றது. அவ்வல்லமை வீட்டுக்கு வீடு பரவும். இன்று வீணாக்கிய மாத்திரை, நாளை பிறிதொருவர் குழந்தைக்குப் பயன்படாமற் போகலாம்.

இவ்வபாயத்தை எதிர்கொள்ள 2012-ஆம் ஆண்டில் மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' கண்டன. 2014 மார்ச் 1 முதல் பல ஆன்டிபயாடிக் மருந்துகள், மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத எச்-1 பட்டியலில் வைக்கப்பெற்றன. சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம். கேட்கும் நம் வாயை நாமே கட்டுப்படுத்த வேண்டும்.

வீடு செய்யக்கூடியது, கூடாதது

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. 1971-ஆம் ஆண்டில் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலநோபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே காலரா நோயாளிகள் பலரைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைப்பின் உறையிலுள்ள அளவுப்படி காய்ச்சி ஆறிய நீரில் கரைத்தல் வேண்டும். கிடைக்காவிடில், ஒரு லிட்டர் நீருக்குத் தேக்கரண்டியில் தலைதட்டி ஆறு அளவு சர்க்கரையும், அரை அளவு உப்பும் சேர்க்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்று. தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், ஓயாத வாந்தி, குழிவிழுந்த கண், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மோரையும் கஞ்சியையும் நம்பி வீட்டில் இருத்தல் தகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் ஆன்டிபயாடிக் தந்தால், சொன்ன நாள்வரை உண்ண வேண்டும். அந்நாள்களில் தயிரும் மோரும் உணவில் சேர்த்துக்கொள்ளலாம். சில மருந்துகள் பாற்பொருளோடு சேராவாதலின், இடைவெளியைக் கேட்டறிதல் நன்று.

மாணவ நண்பர்களே, விடுதியிலும் வீட்டிலும் நீராகாரத்தை நாணமின்றிக் கேட்டு உண்ணுங்கள். பெரியோர்களே, உறைமோரின் பக்குவத்தையும் கூழின் பக்குவத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தாருங்கள். வீட்டு உணவு நாள்தோறும் செய்யும் காவல் ஒன்று. மருத்துவர் வேண்டுங்கால் செய்யும் காவல் மற்றொன்று. இரண்டில் எதை எப்போது நாடுவது என்று தெரிந்திருத்தலே நம்மைக் காக்கும் அறிவாகும்.