நீலக் குளமும் காவற் கரையும்

நூலுக்கு நீலம் ஏற்றும் பாடு நம் நெசவாள அன்பர்கள் நன்கறிந்ததே. எவரும் சாயம் கலக்காமலே ஒரு குளம் முழுவதும் நீலமாக நிற்கிறது என்றால் அதனைக் காண யாருக்குத்தான் ஆவல் எழாது? ஜப்பானின் வடபகுதித் தீவாகிய ஹொக்கைடோவில், பியேய் என்னும் வேளாண்மை ஊரை அடுத்த மலையடிவாரத்தில் அக்குளம் உள்ளது. அவ்வூரார் அதனை 'அவோயிகே', அதாவது நீலக் குளம் என்கின்றனர். நான்கு பருவங்களிலும் அங்கே சென்று கண்டவற்றை உறுப்பினர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

அது பழங்காலக் குளம் அன்று. அதன் அருகே 2,077 மீட்டர் உயரமுள்ள தொகாச்சி எரிமலை நிற்கிறது. 1926 மே மாதத்தில் அது வெடித்தபோது, மலைமேல் கிடந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாய்ப் பாய்ந்தது. மாண்டவரும் காணாமற் போனவருமாக 144 பேர். பக்கத்து ஊராகிய கமிஃபுரானோவில், காடு திருத்திக் குடியேறியோர் உண்டாக்கிய நெல்வயல்களைக் கந்தகச் சேறு மூடிற்று. உழவர் மனந்தளராது, வேற்றிடத்து நன்மண்ணைக் கொணர்ந்து கொட்டி, பல்லாண்டு உழைத்து வயல்களை மீட்டனர்.

1988 டிசம்பரில் மலை மீண்டும் வெடித்தது. இனியொரு சேற்று வெள்ளம் ஊரை அழிக்காதிருக்க, பியேய் ஆற்றருகே கான்கிரீட் கட்டைகளால் தடுப்புக் கரைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பின்னே தேங்கிய நீரே இக்குளம். அழகு கருதி எவரும் ஒரு கல்லும் வைக்கவில்லை.

நீல நிறத்தின் காரணம் என்ன? மலையடி ஊற்றுநீரில் அலுமினியம் கலந்துள்ளது. நூலில் சாயம் பிடிக்க நாம் இடும் படிகாரத்திலும் இருப்பது அதுவே. அந்நீர் ஆற்றோடு சேருங்கால் கண்ணுக்குப் புலனாகா நுண்துகள்கள் உண்டாகின்றன. அவை சூரிய ஒளியின் நீலக் கதிர்களைச் சிதறச் செய்கின்றன. குவளையில் முகந்தாலோ, நிறமில்லா நீரே!

வசந்தத்தில் பனிக்கட்டி விலக, வெளிறிய நீலம் தோன்றுகிறது. கோடையில் சுற்றிலும் பசுமை சூழ, நிறம் பச்சையும் நீலமுமாய் மாறுகிறது. பெருமழை பெய்தால் குளம் கலங்கிப் பழுப்பாகிவிடும். அன்று வருவோர் ஏமாந்து திரும்ப வேண்டியதே. இலையுதிர் காலத்தில் கரையிலுள்ள லார்ச் மரங்கள் பொன்னிறம் கொள்கின்றன. குளிர்காலத்தில் குளம் உறைந்து வெண்பனியின் கீழ் மறைகிறது. அப்போதும் அருகிலுள்ள அருவியின் அடியில் ஆறு நீலமாகவே ஓடுகிறது. 2012ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் இக்குளத்தின் படத்தைத் தன் கணினித் திரைக்கு எடுத்துக்கொண்டதும், இதன் புகழ் உலகெங்கும் பரவிற்று.

நீர் நடுவே நிற்கும் வெளிறிய மரங்கள் பார்ப்போர் மனத்தைக் கவர்கின்றன. அவை நீர் தேங்கியமையால் பட்டுப்போனவை. ஆண்டுதோறும் நைந்து வருகின்றன. அவை சாய்ந்த பின் குளத்தின் தோற்றம் மாறிவிடும். எரிமலையோ இன்றும் அவியவில்லை. ஆதலின், மரங்கள் போயினும் கரை நிற்க வேண்டும். கீழேயுள்ள வயல்களையும் வீடுகளையும் காக்க எழுந்த கரை அது. நீலத்தைக் காணச் செல்வோர் அக்கரையையும் ஒருமுறை நின்று நோக்குவாராக.