வேர் ஓட மண் எப்படி இருக்க வேண்டும்?

நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களை மண்ணிலிருந்து அலசி எடுத்துக் கணக்கிட்டவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர். சுமார் 30 செ.மீ. சதுரமும் 56 செ.மீ. ஆழமும் கொண்ட பெட்டியில் வளர்ந்த செடி அது. 1937-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, அதில் ஒரு கோடியே 38 லட்சம் வேர்கள் இருந்தன. அவற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். வேர்களின் மேல் முளைத்திருந்த வேர்த்தூவிகள் 1,400 கோடி. அவற்றின் நீளமோ 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது.

எல்லாச் செடிக்கும் வேர் இவ்வளவு தாராளமாக ஓடிவிடுவதில்லை. ஒரே ரக விதையை இருவேறு நிலங்களில் ஊன்றினால் வேரின் ஆழமும் கிளைப்பும் வேறுபடும். மண்ணின் இறுக்கம், ஈரம், காற்று, சத்து, அமிலத்தன்மை, வெப்பம், நுண்ணுயிர்கள் ஆகியவை விதையின் மரபுக் குணத்தோடு சேர்ந்து வேரின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன.

நுனியில் நடப்பது

வேர் நீள்வது நுனியை ஒட்டிய சிறு பகுதியில் மட்டுமே. முனையில் வேர்மூடி, அதை அடுத்து, புதிய செல்கள் பிறக்கும் ஆக்குத்திசு, அதற்கும் பின்னால், செல்கள் நீளும் பகுதி. வேர்மூடியின் செல்களுக்குள் கனமான ஸ்டார்ச் மணிகள் உள்ளன. வேர் சாய்ந்தால் இம்மணிகள் கீழ்ப்பக்கம் படிகின்றன. உடனே ஆக்சின் என்னும் ஹார்மோன் வேரின் கீழ்ப்பக்கத்தில் கூடுகிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் நீட்சி குறையும். மேற்பக்கம் மட்டும் வேகமாக நீள்வதால் வேர் கீழ்நோக்கி வளைகிறது.

வேருக்குத் திசை காட்டுவது புவியீர்ப்புதான் என்பதை 1806-இல் இங்கிலாந்தின் தாமஸ் ஆண்ட்ரூ நைட் காட்டினார். நீரோட்டத்தால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அவர் பொருத்திய அவரை விதைகளின் வேர்கள், புவியீர்ப்பின் இடத்தைப் பிடித்த சுழற்சி விசை தள்ளிய வெளிப்பக்கம் நோக்கி வளர்ந்தன.

இறுகிய மண்

ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், கனரக இயந்திரங்கள் ஓடுவதாலும், நெல்லுக்குச் சேற்றுழவு செய்வதாலும் மேல்மண்ணுக்கு அடியில் கடினத்தட்டு உருவாகிறது. மண்ணின் எதிர்ப்பு 2 மெகாபாஸ்கலை எட்டும்போது பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இது சுமார் பத்து மடங்கு.

வேர் நின்றுபோவதற்கு மண்ணைத் துளைக்கும் வலு இல்லாததே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2021-இல் வெளியான ஆய்வு இன்னொரு காரணத்தை வெளிக்கொணர்ந்தது. வேர்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. பொலபொலப்பான மண்ணில் அது இடைவெளிகள் வழியே கலைந்து போய்விடும். இறுகிய மண்ணில் வெளியேற வழியின்றி வேரைச் சுற்றியே தேங்கும். அந்தத் தேக்கத்தை உணர்ந்துதான் வேர் நீள்வதை நிறுத்துகிறது. எத்திலீனை உணரும் திறன் இழந்த நெற்செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணுக்குள் மேலும் ஆழமாகச் சென்றன.

கடினத்தட்டை உடைக்க உளிக்கலப்பை உதவுகிறது. அடிமண்ணுக்கு வேர் இறங்கினால், மேல்மண் காய்ந்த பிறகும் பயிருக்கு ஈரம் கிடைக்கும்.

நீரும் காற்றும்

ஈரமுள்ள பக்கத்தில் பக்கவேர்கள் அதிகம் கிளைக்கின்றன. மேல்மண்ணில் அடிக்கடி சிறிதளவு நீர் விட்டால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி பாய்ச்சினால் கீழே இறங்கும்.

வேரும் சுவாசிக்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். அதனால்தான் தண்ணீர் தேங்கிய வயலில் உளுந்தும் மிளகாயும் சில நாட்களிலேயே வாடுகின்றன. நெல்லின் வேருக்குள் காற்றுக் குழாய்கள் இருப்பதால் இலையிலிருந்து ஆக்சிஜன் இறங்குகிறது.

நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் இதன் தடயம் தெரியும். இளம் வேர்கள் வெண்மையாக இருக்கும். முதிர்ந்தவற்றின் மேல், வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து உண்டாக்கிய செம்பழுப்புப் படிவம் இருக்கும். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண்ணில் ஆக்சிஜன் அறவே தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் திருந்திய நெல் சாகுபடியில் வேர்களுக்கு இடையிடையே காற்று கிடைக்கிறது.

சத்து இருக்கும் இடம்

1975-இல் மால்கம் ட்ரூ என்ற ஆய்வாளர், பார்லி வேரின் ஒரு பகுதிக்கு மட்டும் நைட்ரேட் கிடைக்கும்படி செய்தார். அந்தப் பகுதியில் மட்டும் பக்கவேர்கள் அடர்ந்தன. பாஸ்பேட்டிலும் இதுவே நடந்தது, பொட்டாசியத்தில் நடக்கவில்லை. பாஸ்பரஸ் மண்ணில் மிகக் குறைவாகவே நகரும். ஆகவே அது இருக்கும் இடத்துக்கு வேர்தான் போக வேண்டும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் செடி மேலே செழிக்கும். அந்த அளவுக்கு வேர் பெருகாது.

மண்ணின் கார அமில நிலை 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கி நீட்சியை நிறுத்துகிறது. சுண்ணாம்பு இடுவது இதற்குத் தீர்வு. உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. கோடையில் மேல்மண்ணின் சூட்டை மூடாக்கு தணிக்கிறது.

துணை உயிர்களும் மரபும்

பெரும்பாலான நிலத்தாவரங்களின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள், வேர்த்தூவிகள் எட்டாத தொலைவிலிருந்தும் பாஸ்பரஸைக் கொண்டுவந்து தந்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை பெறுகின்றன. அசோஸ்பைரில்லம் பாக்டீரியா ஆக்சினைச் சுரந்து பக்கவேர்களையும் தூவிகளையும் பெருக்குகிறது.

மரபும் முக்கியம். இந்தியப் பாரம்பரிய நெல் ரகமான கசலாத்தில் 2012-இல் அடையாளம் காணப்பட்ட பிஎஸ்டால்-1 மரபணு, பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் இளம் பயிரின் வேரைப் பெருக்குகிறது. பிலிப்பைன்ஸின் மேட்டு நில நெல்லான கினந்தாங் பாதோங்கிலிருந்து எடுத்த டிஆர்ஓ-1 மரபணுவை ஐஆர் 64 ரகத்தில் சேர்த்தபோது, வேர்கள் செங்குத்தாக இறங்கி வறட்சியிலும் நல்ல விளைச்சல் கிடைத்ததை 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் இத்தகைய ரகத்தின் முழுப்பயன், கடினத்தட்டு இல்லாத, காற்றோட்டமுள்ள நிலத்தில்தான் கிட்டும். விதையைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே மண்ணைப் பக்குவப்படுத்துவதும் வேருக்கான வேலைதான்.